கண்காம்பு

மணக்குடிக் காயலைத் தாண்டி, உப்பளத்துக்கு இந்தப் பக்கம்,
கறுப்புத் துணி போர்த்திய கொட்டகையில்
எனக்கு இரவு வேலை.
நாலாம் தொட்டியில் தாய் இறால் இருபத்திரண்டு.
சின்னமுட்டத்து வள்ளங்களில் உயிரோடு வந்தவை.
ஒன்றின் விலை என் பத்து நாள் சம்பளம்.

கடலில் கிடந்தால் தானாகச் சினை பிடிக்கும்.
இங்கே பிடிக்காது.
கணவாய் நறுக்கிப் போட்டோம், மட்டி போட்டோம்,
சேற்றுப்புழு வாங்கிப் போட்டோம்.
தின்றன. பளபளத்தன. அவ்வளவுதான்.

காரணம் கண்ணில் இருக்கிறது.
கண்ணைத் தாங்கும் காம்புக்குள்
கடுகைவிடச் சிறிய ஒரு சுரப்பி
நீலம் பாய்ந்த அதன் இரத்தத்தில்
பகலும் இரவும் ஒரே சேதியை விடுகிறது:
இப்போ வேண்டாம்.

சரி என்று சொல்லவைக்க எங்களிடம் மருந்தில்லை.
வேண்டாம் என்பதை அறுக்கத் தெரியும்.

ஸ்பிரிட் விளக்கு. பழுத்த இடுக்கி.
ஈரத் துணியில் பொதிந்த உடம்பு என் இடது கையில் துடிக்கும்.
"ஒரு கண்ணு போதும் பிள்ளே," என்பார் ததேயுஸ் சார்,
"ரெண்டும் போச்சுன்னா ஆளே போயிரும்."
முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.
இப்போது இறங்குகிறது.
மிச்சமிருக்கும் கண்ணின் காம்பில்
எண் போட்ட வளையத்தை மாட்டிவிடுவேன்.

நாலாம் நாள் சிவப்பு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்
முதுகு நெடுக ஒரு நிழல்,
நூல் மாதிரி.
மறுநாள் அது நாடா.
அதற்கும் மறுநாள், வால் தொடங்கும் இடத்தில்,
பாசி நிறத்தில் பட்டம் விரித்திருக்கும்.
அன்றைக்கே தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும்.
ஊர் உறங்கும் நேரத்தில் நீந்திக்கொண்டே இடும்,
மூன்று லட்சம், நாலு லட்சம்.
தண்ணீரில் யாரோ மாவு கரைத்ததுபோல் இருக்கும்.

பதினேழுக்கு மட்டும் நிழல் வரவில்லை.
"இது நம்மள ஏமாத்துது," என்றான் ரெக்ஸ்லின்.
எட்டாம் இரவு, மூன்று மணிக்கு,
தொட்டித் தரையில் ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று.
ஒன்று கண்ணாடி.
மீசை நுனி முதல் வால் விசிறி வரை காலி.
மற்றது பக்கத்தில் கூழ்போல் கிடந்தது,
வளையம் அதன் கண்ணிலேயே.
எல்லாவற்றையும் கழற்றியது,
எங்கள் எண்ணைத் தவிர.

ஆழ்கடலில் ஏதோ ஓர் ஆண்
கடைசிக் கால்களுக்கு நடுவே ஒட்டிவைத்துப்போன விந்துப்பை
அந்தப் பழைய சட்டையோடு போயிற்று.
இனி அது முட்டையிட்டாலும் பொரிக்காது.

கண்காம்பில் இருந்தவை இரண்டு வேண்டாம்கள்.
முட்டை வேண்டாம் என்பது ஒன்று,
சட்டை உரிக்க வேண்டாம் என்பது இன்னொன்று.
ஒரே நெரிப்பில் இரண்டு தாழையும் திறந்துவிட்டு
ஒரு வாசலில் மட்டும் காத்திருந்தோம்.

கூட்டை உள்ளங்கையில் எடுத்தேன்.
கனமே இல்லை.
நான் நெரித்த பக்கத்தில் ஒரு கருப்புப் புள்ளி.

ஓடு இறுக இரண்டு நாள் ஆகும்,
அதற்குள் மற்றவை கடித்துத் தின்றுவிடும்.
நெகிழிக் கூடையைக் கவிழ்த்து மேலே கல் வைத்தேன்.
விடிந்தால் சார் கேட்பார்.
சந்தைக்குப் போடு என்பார்.
பதிவேட்டில் பதினேழுக்கு நேரே
நிழல் இல்லை என்று மட்டும் எழுதினேன்.
பொய்யில்லை.

பிறகு சாப்பாட்டுப் பையின் உள்ஜிப்பைத் திறந்தேன்.
நாகர்கோவிலில் வாங்கிய அட்டை,
இருபத்தொன்றில் பதினொன்றாவது மாத்திரை.
பிராங்கோ கொச்சியிலிருந்து வர இன்னும் ஒன்பது நாள்.
மாமியார் வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருக்கிறார்.
தகடு கிழிகிற சத்தம்
காற்று மோட்டாரின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

ஒரு வாய் தண்ணீர்.
கூடைக்குள் டார்ச் அடித்தேன்.
மீசை இரண்டும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன.